உள்ளே போகாத எண்

இந்த நாற்காலி வசதியாக இருக்கிறது ஐயா. எங்கள் அலுவலகத்தில் முதுகு சாய நல்ல நாற்காலி கேட்டு இரண்டு வருடம் மனுப் போட்டேன். கடைசியில் ஒரு தலையணை கொடுத்தார்கள். வாக்குமூலத்தை நிதானமாகவே சொல்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளத் தோதாக இருக்கும்.

கணினி நிரல்களில் பிழை தேடுவது என் வேலை. மருத்துவமனையில், அளவு மீறினால் மூச்சையே அடக்கிவிடும் வலிமருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் கருவிக்கு நாங்கள்தான் நிரல் கொடுத்தோம். அதை எழுதியவர் என் மனைவியின் அண்ணன். எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். வீட்டில் நாலு பேர் கூடினால் அதைச் சொல்லிக்காட்டாமல் எழுந்திருக்கமாட்டார். அவர் எனக்கு வைத்த பெயர் சந்தேகப்பிராணி.

உடம்பில் மருந்து ஏறுகிறது, சிறுநீரகம் அதை வெளியேற்றுகிறது. இந்த நொடியில் ரத்தத்தில் எவ்வளவு மிச்சம் என்பதை ஒரு வகைக்கெழுச் சமன்பாடு கணக்கிடும். அதை வைத்துக் கருவி அடுத்த அளவை ஏற்றும். சிறுநீரகத்தின் வேகம் அந்தச் சமன்பாட்டில் ஓர் எண். அது மாறக்கூடியது. பரிசோதனை முடிவு வர வர சிஸ்டர் புது எண்ணைத் தட்டுவார்.

தட்டிய எண் திரையில் மாறியது. சமன்பாட்டுக்குள் போகவே இல்லை. மச்சான் தொடக்கத்தில் ஒருமுறை வாங்கிய எண்ணையே கடைசிவரை போட்டு ஓட்டியிருந்தார். சிறுநீரகம் சீராக இருக்கிறவர்களுக்கு விடை சரியாகவே வந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. என் கண்ணில் பட்டது. நானே எண்களை மாற்றிப் போட்டு ஓட்டி, அவரிடம் காட்டினேன்.

"இதெல்லாம் நீங்களா இட்டுக்கட்டின எண்ணு மாப்ள," என்று எல்லார் முன்னாலும் சிரித்தார். "நெசமான ஆளுக்குத் தப்பா வந்தா அப்பப் பாக்கலாம்."

திருத்தம் ஒரே வரிதான். எழுதி வைத்துவிட்டேன். மருத்துவமனைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் மச்சான் எதையாவது பேசிச் சமாளித்துவிடுவார். இனி வரப்போகிற அத்தனை நோயாளிகளுக்காகவும் மறுக்கமுடியாத சான்று ஒன்று தேவை என்று நினைத்தேன். கருவியைக் கண்காணிப்பதாக அனுமதி வாங்கிக்கொண்டு வார்டில் போய் உட்கார ஆரம்பித்தேன்.

ஜன்னலோரப் படுக்கையில் ஒரு பேருந்து ஓட்டுநர். இடுப்பில் அறுவை முடிந்திருந்தது, சிறுநீரகம் தளர்ந்துகொண்டே வந்தது. நல்ல மனிதர்.

"என்ன தம்பி, என்னைய விட்டுட்டு அந்தப் பெட்டியவே பாக்குற? வலி அதுக்கா?" என்பார்.

அவருடைய மகள் எனக்கும் சேர்த்து டீ வாங்கி வருவாள். வாங்கிக் குடித்தேன் ஐயா. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அன்று பிற்பகல் பரிசோதனை முடிவு வந்தது. சிறுநீரகத்தின் வேகம் பாதிக்கும் கீழே போயிருந்தது. சிஸ்டர் எண்ணைத் தட்டினார். திரை புது எண்ணைக் காட்டியது. மருந்து பழைய வேகத்திலேயே இறங்கியது.

"சார், ரொம்ப அசந்து தூங்குறாரே. மெஷினை நிறுத்திடட்டுமா?"

"கணக்கு சரியாத்தான் போகுது சிஸ்டர். ஓடட்டும்," என்றேன்.

அவர் என்னை நம்பி அடுத்த படுக்கைக்குப் போனார். அவர்மேல் எந்தத் தவறும் இல்லை. இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். மகள் மருந்துக் கடைக்குப் போயிருந்தாள்.

மூச்சு குறைய ஆரம்பித்தது. குறையும் என்று எனக்குத் தெரியும், நான் போட்டுப் பார்த்த கணக்குதான். அவர் சாகவேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. கை நீட்டினால் எட்டும் தூரத்தில் மருத்துவரை அழைக்கும் பொத்தான் இருந்தது. நான் கைப்பேசியை எடுத்து மச்சானைக் கூப்பிட்டு, உடனே வார்டுக்கு வரச் சொன்னேன். அவர் வந்து தன் கண்ணால் திரையைப் பார்க்கும்வரை பொத்தானை அழுத்தவில்லை.