அடுப்பைக் கிணற்றில் போட்டேன்

சமைக்காத சாப்பாட்டுக்கு மாறுகிறவர்கள் வெண்டைக்காயில் தொடங்கக் கூடாது. அதன் வழவழப்பு முதல் நாளே ஆளை விரட்டிவிடும். வெள்ளரிப் பிஞ்சில் தொடங்க வேண்டும். அப்புறம் கேரட், தேங்காய், ஊறவைத்த பாசிப்பயறு. எதையும் உப்புத் தண்ணீரில் அலசாமல் வாயில் வைக்கக் கூடாது. கசக்கிற சுரைக்காயை உடனே துப்பிவிட வேண்டும். மரவள்ளிக் கிழங்கைப் பச்சையாகத் தின்னவே கூடாது, ஆளைக் கொண்டுபோய்விடும். முதலில் ஒரு வேளை, உடம்பு கேட்டுக்கொண்டால் இரண்டு வேளை என்று மெதுவாகத்தான் ஏற வேண்டும். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், இன்ஸ்பெக்டர் அய்யா, பாதுகாப்பு விஷயத்தில் நான் கறாரானவன். என் வீட்டில் ஒருவருக்கு ஒரு கெடுதல் வர விட்டவனில்லை.

பெயர் சந்தனராஜ். ஊர் ஆவூர்ப் பக்கம். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். அந்தக் காலத்தில் எனக்குக் கோபம் அதிகம் என்பார்கள். ஒரு பையனை விரட்டினேன். அவன் என் பிரம்புக்குப் பயந்து ஓடிய ஓட்டம் நிற்காமல் அன்னவாசல் வரை போய், அங்கே நடந்துகொண்டிருந்த ஓட்டப்பந்தயத்தில் நுழைந்து முதல் பரிசு வாங்கிவிட்டது. கோப்பையை அவன் வீட்டில் வைத்திருக்கிறார்கள். நியாயமாக அது என்னிடம் இருக்க வேண்டும்.

அந்தக் கோபம் இப்போது இல்லை. பச்சை உணவுக்கு மாறியதும் போய்விட்டது. சர்க்கரைக்காகத்தான் மாறினேன். போனது சர்க்கரை மட்டுமில்லை. பக்கத்து வீட்டுக் கதவைக் கரையான் அரிப்பது எனக்குக் கேட்க ஆரம்பித்தது. என்னைக் கடித்த கொசு மறுநாள் உறவு முறையில் வந்து பார்த்துவிட்டுப் போனது. எங்கள் வெள்ளாடு மட்டும் நான் கீரைக்கட்டைப் பிரிக்கும்போது பங்காளியைப் பார்ப்பது போல முறைக்கும்.

நான் தொடங்கியது விபூதிப் புதன் அன்று. எல்லாத் தவறும் அங்கேதான் ஏற்பட்டது. தவறு என்னுடையதல்ல. எங்கள் வேதக்காரர்களுக்கு அன்றைக்குத் தவக்காலம் தொடங்குகிறது. ஈஸ்டர் வரை ஆளுக்கு ஒன்றை விட்டுவிடுவார்கள். ஒருவர் கறியை விடுவார், ஒருவர் பீடியை விடுவார். நான் அடுப்பையே விட்டதும் அதையும் அப்படி ஒரு நேர்ச்சை என்று ஊர் எடுத்துக்கொண்டது. பங்குச் சாமியார் பிரசங்கத்தில் என் பெயரைச் சொன்னார். ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் கேரட் மென்றுகொண்டிருந்தேன்.

என் மனைவி சூசைமேரியும் அப்படித்தான் நினைத்தாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை, வீட்டில் இரண்டே பேர்.

"ஆண்டவருக்காகத்தான இருக்கீங்க. நானும் ஒங்களோட சேந்து இருக்கேங்க" என்றாள். "ஈஸ்டரன்னைக்கி மட்டும் சுடச்சுடச் சோறு வடிச்சி, எலும்புக் குழம்பு வச்சிருவேன். அன்னைக்கி வேண்டாம்னு சொல்லப்புடாது, ஆமா."

நான் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. ஒரு நல்ல காரியத்தில் ஒருவர் தானாக நடந்து வரும்போது அவரை நிறுத்தி எவ்வளவு தூரம் என்று சொல்வது நாகரிகமில்லை.

முதலில் அவள் நன்றாகத்தான் செய்தாள். மெல்லுவதில்தான் அவசரம். பச்சை உணவை நன்றாக மெல்லாவிட்டால் வயிறு ஊதிக்கொள்ளும். அதனால் எதிரே உட்கார்ந்து விசில் ஊதினேன். ஒரு விசிலுக்கு ஒரு மெல்லு. விழுங்குவதற்கு நீளமாக ஒன்று. அழுதுகொண்டே மென்றாள். அழுகை எச்சிலை அதிகமாக்கும், செரிமானத்துக்கு நல்லது, அதனால் தடுக்கவில்லை.

போகப் போக அவள் இளைத்தாள். ஜாக்கெட் தோளில் நிற்காமல் நழுவியது. குடத்தைத் தூக்கப் போய் அப்படியே உட்கார்ந்துவிடுவாள். கெட்டது வெளியேறுகிறது என்று விளக்கினேன். அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான். "ஒரு வா கஞ்சி குடுங்க. வெறுங் கஞ்சி. உப்புக்கூட வேணாங்க."

அவளுக்கு ஆசையைத் தூண்டக் கூடாது என்றுதான் அடுப்பைக் கிணற்றில் போட்டேன். சிலிண்டரை ஒரு டீக்கடைக்காரருக்குக் கொடுத்தேன். குக்கரைக் கல்லில் வைத்துச் சம்மட்டியால் அடித்தேன். அது தோசைக்கல் மாதிரி தட்டையானது. சட்டி பானைகளை உடைத்தேன். சத்தம் கேட்டு வந்தவர்களிடம் தவக்காலம் என்றேன். பக்தியோடு திரும்பிப் போனார்கள். வெளியே போனால் யாராவது ஏதாவது கொடுத்துக் கெடுத்துவிடுவார்கள் என்று அறைக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றி வெளிப்பக்கமாக மாட்டினேன். பகலில் வேலை செய்யத் திறந்துவிடுவேன்.

பரிசுத்த வாரத்தில் ஒரு நாள் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் புகை வந்தது. மூன்று கல்லைக் கூட்டி, தகர டப்பாவில் நொய்யரிசி போட்டுக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் டப்பாவை அப்படியே தூக்கிக் குடிக்கப் பார்த்தாள். உதடு பொத்துப்போனது. நான் சத்தம் போடவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய வலது கையை மெதுவாகப் பிடித்தேன். "ஒரு கத்தரிக்காய அடுப்புல வைக்கிறமே, அதுக்கு எப்படி இருக்கும்னு நீ ஒரு நாளாவது நெனச்சிருக்கியா மேரி?" என்று கேட்டேன். நினைத்ததில்லை என்றாள். நினைக்கட்டும் என்று கையைக் கங்கில் வைத்து அழுத்தினேன். கத்தரிக்காய் சுடுகிற நேரம்கூட இல்லை, தோல் உரிகிற அளவுதான். அப்புறம் நானே கற்றாழை மடலைக் கீறி உள்ளே இருக்கிற சோற்றை எடுத்து வைத்துக் கட்டினேன். அதையும் காய்ச்சாமல், பச்சையாகத்தான்.

அதற்குப் பிறகு அவள் எதையும் கேட்கவில்லை. வீடு அமைதியாக இருந்தது. ஒரு நாள் மட்டும் அறைக்குள்ளிருந்து, "ஈஸ்டருக்கு இன்னும் எத்தன நாளுங்க?" என்று குரல் வந்தது. ஆயுசுக்கும் ஏற்பாடு செய்திருக்கிறேனே, இவள் இன்னும் ஈஸ்டரிலேயே நிற்கிறாளே என்று வருத்தமாக இருந்தது.

ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜோஸ் வந்தான். சூசைமேரியின் தம்பி. கீரனூரில் டயர்க் கடை வைத்திருந்தான், லாரி டயர் மாதிரியே இருப்பான். கையில் பெரிய தூக்குவாளி. கறிக்குழம்பு வாசம் அவனுக்கு முன்னால் வீட்டுக்குள் போய்விட்டது.

"என்ன அத்தான், இன்னுமா மேய்றீங்க?" என்றான். "ஆண்டவரே உயிர்த்தெழுந்து வந்துட்டாரு. நீங்க மட்டும் இன்னும் தேங்காயக் கட்டிக்கிட்டு அழுவுறீங்க. பேசாம கழுத்துல ஒரு மணி கட்டிக்கிட்டீங்கன்னா காணாமப் போனாலும் தேடிரலாம்."

"வாங்க மாப்ள" என்றேன். மரியாதையில் குறை வைக்கவில்லை.

"அக்கா எங்கிட்டு?"

"ஓய்வெடுக்குது."

அவன் தாழ்ப்பாள் வெளியே இருப்பதைப் பார்த்தான். அதற்கு மேல் கிண்டல் இல்லை. கதவைத் திறந்து உள்ளே போனான்.  அப்புறம் அவளைக் கைத்தாங்கலாக வெளியே கொண்டுவந்து, சுவரில் சாய்த்து உட்காரவைத்து, தூக்குவாளியைத் திறந்தான். வலது கையில் கட்டு இருந்ததால் அவனே சோற்றைப் பிசைந்து ஊட்டினான்.

"மெதுவாக்கா. ஆரும் புடுங்க மாட்டாங்க. தின்னுட்டு நம்ம வீட்டுக்குப் போறோம்."

அவள் மெல்லாமல் விழுங்கினாள். அத்தனை நாள் விசில் ஊதியதற்கு ஒரு பலனும் இல்லை.

நான் முற்றத்தில் என் சாப்பாட்டுக்குத் தேங்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். அரிவாள் அதற்காகக் கையில் இருந்தது. எடுக்கப் போனேன் என்று எழுதிவிடாதீர்கள், அது தப்பான தகவல். எழுந்து போய் ஜோஸின் தோளில் வெட்டினேன். அவன் கையில் சோற்று உருண்டை இருந்தது, கீழே விடவில்லை. திரும்பி என்னைப் பார்த்து, "அக்கா சாப்புடட்டும் அத்தான்" என்றான். உருண்டையை அவள் வாயில் வைத்தான். அடுத்தது கழுத்தில் விழுந்தது. டிரில் மாஸ்டர் கை, குறி தவறாது. அப்படியே தூக்குவாளி மேல் சாய்ந்தான். அதற்குப் பிறகும் சில தடவை வெட்டினேன். ஆரம்பித்த வேலையைப் பாதியில் விடும் பழக்கம் எனக்கில்லை. குழம்பு எது, மற்றது எது என்று தெரியாமல் முற்றம் முழுவதும் ஓடியது. வெள்ளாடு மட்டும் ஓரமாக ஒதுங்கி நின்றது.

சூசைமேரி கத்தவில்லை. கன்னம் உப்ப மென்றுகொண்டிருந்தாள். கண் தம்பி மேல் இருந்தது, வாய் நிற்கவில்லை. வெந்த சோறு உள்ளே போனால் அத்தனை நாள் பாடும் வீண் என்று, அவள் தாடையைப் பிடித்து விரலை வாய்க்குள் விட்டுத் தோண்டினேன். அப்போதுதான் கடித்தாள். இந்த ஆள்காட்டி விரல், பாருங்கள், நகக்கணு வரைக்கும் இல்லை. துப்பக்கூட இல்லை. தவக்காலம் தொடங்கியதிலிருந்து அவள் மனமார உண்ட பச்சை உணவு அது ஒன்றுதான். பிறகு எழுந்து, நடக்க முடியாதவள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தவள், தெருவுக்கு ஓடிவிட்டாள். ஜனங்கள் வரும்வரை நான் மிச்சத் தேங்காயைச் சாப்பிட்டு முடித்தேன்.

ஜோஸை வெட்டியது நான்தான். கையைச் சுட்டது நான்தான், பூட்டியது நான்தான். ஒன்றையும் மறுக்கவில்லை. ஆனால் கோபத்தில் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அந்த நேரத்தில் என் நாடியைப் பிடித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

அவள் ஆஸ்பத்திரியில் பிழைத்துவிட்டாள் என்று சொன்னீர்கள். காலையில் இட்லி கொடுத்தார்கள், இன்னும் வேண்டும் என்று கேட்டு வாங்கித் தின்றாள், சாம்பாரைக் குடித்தாள் என்றும் சொன்னீர்கள். கேட்டதிலிருந்து மனது சரியில்லை. அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? ஒரு மணி நேரம் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போங்கள், அய்யா. அவள் வயிற்றுக்குள் போனதை மட்டும் எடுத்துவிட்டு வந்துவிடுகிறேன்.