ஸ்டாக் இல்லாத டயர்

...கோடே இல்லக்கா அதுல. ஒரு கோடு கூட இல்ல. உங்க டயரைப் பாருங்க, ஆணி குத்திக் கிடந்தாலும் பள்ளம் பள்ளமா எவ்வளவு லட்சணமா இருக்கு. டயர்னா அது டயர். இவர் வாங்க வந்திருக்கிறது மொட்டை டயர். புதுசாவே மொட்டை. ஃபோன்ல படம் காட்டினப்பவே கேட்டேன், இதுக்கு எதுக்குங்க கடைக்குப் போகணும், நம்ம பழைய வண்டியில ரெண்டு வருஷமா இதுதானே ஓடுதுன்னு. சிரிக்கவே இல்ல மனுஷன். உட்கார வச்சு விளக்க ஆரம்பிச்சுட்டார், ரேஸ்ல கோடு இல்லாத டயர்தான் காய்ஞ்ச தரையை நல்லாப் பிடிக்குமாம்.

பாப்பாவா? ஏழு மாசம். இல்லல்ல, நீங்க தள்ளி உட்கார வேணாம், இந்தப் பெஞ்சு போதும். உங்க பஞ்சருக்கு இன்னும் சக்கரத்தையே கழட்டலயே, உட்காருங்க.

இவர் எங்கயா? அதோ, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், டயரைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரே. பாப்பாவைக் கூட அவ்வளவு பக்குவமாத் தூக்கினதில்ல. ஞாயித்துக்கிழமை ரேஸ். பெரிய ரேஸ்னு நினைச்சுடாதீங்க, வளைவு கிடையாது, திருப்பம் கிடையாது. விமானம் இறங்காத பழைய ஓடுதளம் ஒண்ணு இருக்கு, அதுல ரெண்டு வண்டி பக்கத்துல பக்கத்துல நிக்கும், பச்சை விளக்கு எரிஞ்சதும் நேரா பாயணும். அவ்வளவுதான். நான் ஒரு வாய் தண்ணி குடிச்சு பாட்டிலை மூடுறதுக்குள்ள முடிஞ்சிடும். அதுக்குத்தான் எங்க வீட்ல காலையில டயர், மத்தியானம் டயர், ராத்திரி டயர்.

சிரிக்காதீங்கக்கா, எனக்கு நிஜமாவே பயம். போன தடவை நேர்ல பார்த்தேன். பழைய வண்டியில சாதா டயரோட போய் நின்னார். பச்சை எரிஞ்சதும் வண்டி முன்னாடி போகாம பின்பக்கத்தை ஒரு ஆட்டு ஆட்டிச்சு பாருங்க... பக்கத்து வண்டியை இடிக்க ஒரு முழம்தான் பாக்கி. இறங்கி வந்தவர் என்னங்கிறார், டயர் சரியில்லயாம். உயிர் தப்பினதைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், இனிமே இவரை அந்தப் பக்கம் விடுறதில்லன்னு.

எங்ககிட்ட ரெண்டு வண்டி. பழசு, கியர் போட்டு ஓட்டுறது, அது இவரோட மூத்த சம்சாரம்னு வச்சுக்குங்க. புதுசு ஆட்டோமேட்டிக், அது என்னோடது. பாப்பா பொறந்தப்ப அழுது அடம் பிடிச்சு வாங்க வச்சேன். இதுல என்னன்னா, ரெண்டு வண்டிக்கும் ஒரே ரேஸ் டயர் ஆகாதாம். ஏன்னு எத்தனை தடவை சொல்லியும் என் மண்டையில ஏறல. அப்புறம் ஒருநாள் பாப்பாவைக் கை மாத்துறப்பதான் புரிஞ்சுது. எங்க மாமியார் பாப்பாவைத் தர்றதுன்னா, இந்தாடின்னு மடியில தொப்புனு போட்டுட்டுப் போயிடுவாங்க. பழைய வண்டி அந்த ரகம். கிளட்ச்ல இருந்து காலை எடுத்தா, இன்ஜினோட மொத்த பலத்தையும் சக்கரத்து மேல தொப்புனு போடும். அப்ப வாங்கிக்கிற டயர் மெத்துனு இருக்கணும். பக்கவாட்டுல சுருங்கி அந்த அடியை உள்ள வாங்கிக்கணும். விறைப்பா இருந்துச்சுன்னா பிடி விட்டு வழுக்கிடும். ஆட்டோமேட்டிக் எங்கம்மா மாதிரி. தலைக்கு அடியில கையை வச்சு, பிடிச்சிட்டியா, பிடிச்சிட்டியான்னு கேட்டுக் கேட்டுத் தருவாங்க. அதுக்கு விறைப்பான ரேடியல் டயரே போதும், வேகமும் அதுலதான் கூடவாம். இதைப் போய் பெருமையா இவர்கிட்ட சொன்னேன். அப்ப எங்கம்மா கிளட்ச்சு, உங்கம்மா ஆட்டோமேட்டிக்கான்னு கேட்டுட்டு ரெண்டு நாள் பேசல.

எங்க விட்டேன்... ஆங், டயர். பழைய வண்டிக்கு மெத்து டயர்தான்னு முடிவு பண்ணி இன்னிக்கு வந்தோம். கடைக்கார அண்ணன் ஸ்டாக் இல்லன்னுட்டார். இனிமே வர்றதும் சந்தேகம்னுட்டார். இவர் முகத்தைப் பார்க்கணுமே, பரீட்சையில ஃபெயிலான பிள்ளை மாதிரி. எனக்குச் சிரிப்பை அடக்க முடியல, பாப்பாவைக் கொஞ்சுற சாக்குல குனிஞ்சுக்கிட்டேன். அந்த அண்ணன் அத்தோட வாயை மூடியிருக்கலாம். வியாபாரியாச்சே, மூடுவாரா? மெத்து டயர்தான் இல்ல, ஆட்டோமேட்டிக்குக்கு ரேடியல் நாலஞ்சு தினுசு இருக்குன்னுட்டார். இவர் மெதுவாத் திரும்பி வாசல்ல நின்ன என் வண்டியைப் பார்த்தார். பொண்ணு பார்க்க வந்தவர் மாதிரி தலையில இருந்து கால் வரைக்கும்.

இப்ப பாருங்க. அதோ, சுவரோரமா சாத்தி வச்சிருக்காங்களே, அது என் வண்டியோட பின்சீட்டு. அதுக்குப் பக்கத்துல கவுந்து கிடக்கிறது பாப்பாவோட சீட்டு. எடை குறையணுமாம்.

அந்த அண்ணன் ஏன் என் பக்கமே திரும்ப மாட்டேங்கிறார்னா கேக்குறீங்க? நல்லா கவனிக்கிறீங்கக்கா நீங்க. அது... நேத்து இவர் குளிக்கப் போனப்ப நான்தான் அவருக்கு ஃபோன் பண்ணினேன். அண்ணே, பச்சைக் குழந்தைக்காரி, பயமா இருக்கு, மெத்து டயர் இல்லன்னு மட்டும் சொல்லிடுங்கன்னு. பாவம், அவருக்கும் ரெண்டு பொண்ணுங்களாம், உடனே சரின்னுட்டார். டயர் பத்திரமா குடோன்லதான் இருக்கு. கான்வென்ட்ல சிஸ்டர் பொய் சொல்லக் கூடாதுன்னு அவ்வளவு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காங்க. நான் எங்கக்கா சொன்னேன்? சொல்ல வச்சேன்.

இதைவிடக் கூத்து என்னன்னா, அந்தப் பழைய வண்டி ஒரு தடவை ரேஸ் ஓட்டினா கிளட்ச் போயி, அது போயி, இது போயி, மூணு மாசம் ஷெட்ல படுத்துக்கும். எனக்கு மூணு மாசம் நிம்மதி. இது வரைக்கும் அதோட அருமை தெரியாமப் போச்சு. ஆட்டோமேட்டிக்ல அந்தத் தொந்தரவே இல்லயாம், காலை அழுத்தினாப் போதுமாம், வாராவாரம் ஓட்டலாம்னு உள்ள போறப்ப சொல்லிட்டுப் போனார். ரேஸ் முடிஞ்சாலும் அந்த டயரைக் கழட்டப் போறதில்லயாம். திங்கக்கிழமை பாப்பாவுக்கு ஊசி. மழை வேற வர்ற மாதிரி இருக்கு. மொட்டை டயர், ஈர ரோடு, ஓட்டுறது நான்.

இல்ல, இது சரிப்படாது. போகட்டும், அவரோட பழைய வண்டியிலயே போகட்டும். அதுக்குண்டான டயரோட போனாலாவது பின்பக்கத்தை ஆட்டாது. என்னக்கா, சரிதானே? நீங்களும் அதைத்தானே... நான் என்ன லூசாக்கா, ஓட்டாதீங்கன்னு சொல்ல வந்துட்டு நானே...

ஏங்க. ஏங்க, அதை மாட்டாதீங்க, கொஞ்சம் நில்லுங்க. அண்ணே, நீங்க ஏன் தலையைக் குனியிறீங்க, உங்களை ஒண்ணும் சொல்லல. குடோன்ல இருக்கிற அந்த மெத்து டயரை எடுத்துட்டு வாங்க. ஆமாங்க, இருக்கு. இருக்குங்க, ஜோடியா ரெண்டு டயரும் இருக்கு.

எனக்கு எப்படித் தெரியும்கிறதை வீட்ல போய்ப் பேசிக்கலாம். முதல்ல பாப்பாவோட சீட்டை உள்ள வைக்கச் சொல்லுங்க.