சார்கோசூகஸின் நாக்கு

முதலையால் நாக்கை வெளியே நீட்ட முடியாது, சார். அது கீழ்த்தாடையோடு ஒட்டிக்கிடக்கும். சார்கோசூகஸும் முதலை வகைதான். பதினோரு கோடி வருடத்துக்கு முந்தியது; பஸ் நீளம், மூக்கு நுனியில் குடத்தைக் கவிழ்த்தது போல ஒரு புடைப்பு. அந்த இனமே பூண்டோடு அழிந்துவிட்டது. தப்பாகச் செய்தால் ஏனென்று கேட்க அதற்கு யாரும் இல்லை. அதனால்தான் நான் பார்த்துப் பார்த்துச் செய்தேன்.

தக்கலையில் எங்கள் பட்டறையில் அதன் உருவத்தை ஃபைபரில் வார்த்து, கன்னியாகுமரி கண்காட்சிக்குக் கொண்டுபோனோம். ஆன்ஸ்லின் என் கூட்டாளி. உடம்பு என் வேலை, வாயைத் திறந்து மூடும் மோட்டார் அவன் வேலை.

திறப்பு விழாவன்று சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கிறேன், வாயிலிருந்து சிவப்பு ரப்பர் நாக்கு ஒன்று தொங்குகிறது.

"ஏலே ததேயு, பிள்ளையெல்லாம் சிரிச்சிட்டுப் போட்டும் மக்கா. செத்து மண்ணாப் போன சீங்கண்ணிக்கு நாக்கு எப்படி இருந்தா என்ன?"

ஆன்ஸ்லின் அதைச் சீங்கண்ணி என்றான். குளத்தில் கிடக்கும் சாதாரண முதலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

கோபம் வந்தது, உங்களிடம் மறைக்கவில்லை. மோட்டாரில் ஏதோ சத்தம், பார் என்றேன். வயிற்றுப் பக்கத்து ஓட்டை வழியாக உள்ளே நுழைந்தான். தொண்டையை முன்பே அடைத்திருந்தோம். நான் மூடியை வைத்து, ஓரத்தில் ஃபைபர் ஒட்டி, ரெசின் பசை பூசினேன். அந்த வெயிலுக்குச் சீக்கிரம் இறுகிவிட்டது. தேய்த்துப் பச்சை அடித்தேன். ஒட்டுப் போட்ட இடம் தெரியக் கூடாது. பிறகு நாக்கை அறுத்து எறிந்தேன்.

சாயங்காலம் அவன் மனைவி லிஜா தேடி வந்தாள். களியக்காவிளைக்குச் சாமான் வாங்கப் போயிருக்கிறான் என்றேன். அவள் மகளை முதலைக்கு முன்னால் நிறுத்திப் போட்டோ எடுத்துக் கொடுத்தேன். நல்ல படம்.

அவன் கூப்பிட்டது காதில் விழுந்ததா என்கிறீர்கள். விழுந்தது. வெளியே சிங்காரி மேளம் அடித்ததால் எனக்கு மட்டும்தான் விழுந்தது. "மூச்சு முட்டுது, திற மக்கா, கேட்டியா... கேட்டியா..." என்று தட்டிக்கொண்டே இருந்தான். நீங்கள் சேலத்துக்காரர், வாக்குமூலத்தில் தப்பாக எழுதிவிடக் கூடாது. எங்கள் பக்கத்தில் பேச்சுக்குப் பேச்சு 'கேட்டியா' போடுவோம். அது கேள்வி இல்லை, சார். அதற்கு யாரும் பதில் சொல்வதில்லை.