விளக்கு எரியும் பாம்பு கிணற்றுக்குள் போனது பற்றி சின்னக்கண்ணு சொன்னது

பெயர் சின்னக்கண்ணு, வயது அறுபது இருக்கும், தகப்பனார் பெயர் ஆண்டிச்சாமி (காலமாகிவிட்டார்), ரெட்டியார்சத்திரம் ஒன்றியம், கரட்டுப்பட்டி கிழக்குத் தெரு. தொழில் கிணறு வெட்டும் கூலி. எழுதப் படிக்கத் தெரியாது.

ஏட்டு ஐயா, வணக்கம். "நல்லா இருக்கீங்களா, சாப்டீங்களா, மொகம் வாடிக் கெடக்கே" என்று தங்களை முதலில் விசாரித்தேன். சாப்பிட்டாயிற்று, நடந்ததைச் சொல்லும் என்றீர்கள். சொல்கிறேன்.

எனக்கு ஒரே மகள் கௌசல்யா. அவளை என் அக்காள் மகன் கருப்புசாமிக்குக் கட்டிக் கொடுத்திருக்கிறேன், பிள்ளைகளும் இருக்கிறார்கள். எங்கள் கிணறு வெட்டும் செட்டுக்கு அவர்தான் மேஸ்திரி, நான் கிரேன் ஓட்டுகிறேன். கருப்புசாமி இப்போது இந்த ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார். நாம் உட்கார்ந்திருக்கும் இந்தப் பெஞ்சில் இருந்தே அந்தக் கதவு தெரிகிறது. கதவருகில் நிற்பவள்தான் என் மகள்.

எங்கள் ஊருக்கு மேற்கே பவுல்ராஜ் என்பவருடைய தென்னந்தோப்பில் பழைய கிணற்றை ஆழப்படுத்த எங்களைக் கூப்பிட்டிருந்தார். கிரேன் நிறுத்த வாகான இடத்தில் ஒரு பாம்புப் புற்று இருந்தது. பவுல்ராஜ் வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர். "எனக்கு அதுல ஒண்ணுமில்லப்பா, ஒங்க வழக்கப்படி செய்யுங்க" என்று சொல்லிவிட்டார். எங்கள் வழக்கம், புற்றை எடுக்கும் முன் பூக்கட்டிப் பார்ப்பது. வெள்ளைப் பூவை ஒரு இலையிலும் சிவப்புப் பூவை ஒரு இலையிலும் மடித்துப் போட்டு, ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் புற்றில் பாம்பாக இருக்கும் அம்மா உத்தரவு கொடுத்துவிட்டாள், சிவப்பு வந்தால் தொடக் கூடாது. அதற்கு மல்லிகைப்பூ நிலக்கோட்டையில் இருந்து வரவேண்டும். என் சம்சாரத்துக்கு அந்தப் பக்கம்தான், அவள் உயிரோடு இருந்தபோது வாடிய மல்லிகையைத் தொடவே மாட்டாள், ஒரு தடவை பஸ்ஸில் ஒரு கூடைக்காரியிடம் இதற்காகச் சண்டை பிடித்து, கண்டக்டர் எங்கள் இருவரையும் வத்தலக்குண்டில் இறக்கிவிட்டார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும்படி தாங்கள் கூறியதால் அதை விட்டுவிடுகிறேன்.

கருப்புசாமி எடுத்த இலையில் சிவப்பு வந்தது. அதன் பிறகு அவர் என்னைப் பார்த்துச் சிரித்து, "மாமா, அம்மா தூக்கக் கலக்கத்துல இருக்கா, இன்னொருக்கப் பாப்போம்" என்று சொல்லி மறுபடி எடுத்தார். மறுபடியும் சிவப்பு வந்தது. வெள்ளை வரும்வரை எடுத்தார். அதன் பிறகு பாலும் முட்டையும் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் புற்றை அவரே கடப்பாரையால் இடித்தார். அன்று இரவு சாப்பிடவில்லை என்று கௌசல்யா பிற்பாடு சொன்னாள்.

அதன் பிறகு வேலை நல்லபடியாக நடந்தது. நேற்று முன்தினம் மழை பெய்து மண் ஊறியிருந்தது. நேற்றுக் காலை கருப்புசாமி மட்டும் முதலில் உள்ளே இறங்கி அடிமண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மேல்மண் பாறையோடு சரிந்து உள்ளே விழுந்தது. நான் கிரேன் மேல் இருந்தேன். இரும்புக் கயிறு வெறுமனே ஆடியது.

அதன் பிறகு தீயணைப்புக்காரர்கள் வந்தார்கள். கல்லை அவசரமாகப் பிரித்தால் மறுபடி சரியும், பைய எடுத்தால் சாயங்காலம் ஆகும், அதுவரை உள்ளே மூச்சுக்காற்று போதாது என்றார்கள். அதன் பிறகு திண்டுக்கல்லில் ஏதோ காலேஜில் இருந்து நுஸைபா என்ற பெண் ஒரு நீளப் பெட்டியோடு ஜீப்பில் வந்து இறங்கியது. பெட்டிக்குள் கை தடிமனுக்கு ஒரு பாம்பு மிஷின் இருந்தது. தலையில் விளக்கு, கேமரா, பேசவும் கேட்கவும் ஸ்பீக்கரும் மைக்கும், கழுத்தில் காற்றுக்குழாயும் மூக்கில் வைக்கும் மூடியும். மணலில் பாம்பு எப்படி ஏறுகிறது என்று வருஷக்கணக்காகப் பார்த்துச் செய்ததாம். வயிற்றில் செதில்கூட இருந்தது. "ஆளு போக முடியாத எடத்துக்கு இது போகும்ங்கய்யா, உசுரக் காப்பாத்தத்தான் இதச் செஞ்சோம்" என்றது.

அதன் பிறகு அந்தப் பெண் என்னிடம், "அய்யா, உள்ள இருக்கவரு பாம்புன்னா பயப்படுவாரா?" என்று கேட்டது. "எம் மாப்ளையா? வெறுங்கையால வாலப் பிடிச்சுத் தூக்கி வெளிய போட்டுட்டு பீடி பத்தவைக்கிற ஆளும்மா" என்றேன். அந்தப் பெண் பயத்தைக் கேட்டது. நானும் பயத்துக்குத்தான் பதில் சொன்னேன். புற்று என் நினைவுக்கே வரவில்லை.

மிஷின் கல் இடுக்கில் நெளிந்து இறங்கியது. மேலே டிவியில் எல்லாரும் பார்த்தோம். கருப்புசாமி கால் மாட்டி, முதுகைப் பாறையில் சாய்த்து உட்கார்ந்திருந்தார். உயிரோடு இருந்தார். கௌசல்யா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். விளக்கு வெளிச்சம் அவர் முகத்தில் பட்டது. அவர் கண் கூசப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் கூப்பினார்.

நுஸைபா மேலே இருந்து பேசும் மைக்கை என்னிடம் கொடுத்தது. "ஏலே மாப்ள, நான் சின்னக்கண்ணு பேசுறேன்டா. அது மிஷினு. கழுத்துல ஒரு மூடி தொங்குது பாரு, எடுத்து மூக்குல வையி" என்றேன். அவர், "தாயே, எம் மாமன் கொரல்லயா வந்திருக்க" என்றார். அதன் பிறகு கௌசல்யா வாங்கி, "நான்தேன், ஒம் பொண்டாட்டிதேன், எடுத்து வையிய்யா" என்று அழுதாள். அவர், "அவ கொரலையும் எடுத்துக்கிட்டியா, அவள ஒண்ணும் செஞ்சிராத, இடிச்சது நாந்தேன்" என்றார். நாங்கள் பேசப் பேச அவர் கும்பிடு பெரிதானது.

அதன் பிறகு நான் கெட்ட வார்த்தையில் திட்டிப் பார்த்தேன். தீபாவளிக்கு அவர் எனக்குத் தெரியாமல் என் கோழியைப் பிடித்து அறுத்ததைச் சொல்லிப் பார்த்தேன். அதற்கு அவர், "எல்லாம் ஒனக்குத் தெரியும்" என்றார். நுஸைபா, நானே கொண்டுபோய் மூக்கில் வைக்கிறேன் என்று மிஷினை முகத்தருகே நகர்த்தியது. அவர் சட்டைக் காலரை விலக்கிக் கழுத்தைக் காட்டி, "கொத்திரு தாயே, எம் பிள்ளைகள விட்டுரு" என்று கண்ணை மூடிக்கொண்டார். மூடி முகத்தில் பட்டதும் உடம்பை உதறியதில், அது தெறித்துக் கல்லுக்கு அடியில் போனது. அதை எடுக்க மிஷினுக்குக் கை இல்லை. விளக்கு மட்டும் அவர்மேல் எரிந்துகொண்டே இருந்தது. மத்தியானத்துக்கு மேல் கூப்பிய கை தானாக இறங்கியது.

சாயங்காலம் வெளியே எடுத்தபோது மூச்சு இருந்தது. அந்தப் பெண்ணோ பவுல்ராஜோ தீயணைப்புக்காரர்களோ ஒரு தப்பும் செய்யவில்லை, யார்மேலும் எனக்குப் புகார் இல்லை. அந்தப் பெண் இரவு முழுக்க இந்தப் பெஞ்சில்தான் இருந்தது, மிஷினுக்கு நண்டு உருவம் கொடுத்திருக்கலாம் அய்யா என்று சொல்லிச் சொல்லி அழுதது. எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். மாப்பிள்ளை கண் திறந்ததும் நான் பக்கத்தில் இருந்து, வந்தது அம்மா இல்லடா, உன்மேல் அவளுக்கு ஒரு கோபமும் இல்லை, உன்னைக் காப்பாற்ற ஒரு பிள்ளை செய்த மிஷின்தான், நீ கும்பிட்டதை நாங்கள் எல்லாரும் மேலே இருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தோம் என்று அவரிடம் சொல்லி, அவர் அதைக் கேட்டுச் சிரித்து

(இவ்விடத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் இருந்து "அப்பா, வாப்பா" என்று மகள் கூப்பிட்டதால் சாட்சி எழுந்து சென்றார். வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தார். விட்ட இடத்தில் இருந்து தொடரலாம் என்றதற்கு, "அதக் கேக்க வேண்டிய ஆளு போயிட்டான்யா" என்றார். இதுவரை எழுதியதை வாசித்துக் காட்டியதில், தான் சொன்னது இதுவே, பொய் கலக்கவில்லை என்று ஒப்பி, இடது பெருவிரல் ரேகை வைத்தார்.)