பள்ளிச் சான்றிதழில் இருந்த இரண்டு மச்சங்கள்

என் பெயர் குமரேசன், வயது 52, தகப்பனார் பெயர் ஆதிமூலம். கீழ்பென்னாத்தூர் அருகே நிலக்கடலை பயிரிட்டு வருகிறேன்.

என் ஒரே மகன் சக்கரவர்த்தி, வயது 23, செங்கம் சாலையில் ஒரு விடுதியில் வேலை செய்து வந்தான். கடந்த ஜூன் 12 முதல் அவனைக் காணவில்லை. 14ஆம் தேதி நான் தனியாக இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து புகார் கொடுத்தேன். அங்க அடையாளம் கேட்டார்கள். எனக்குத் தெரியாததால் அவனுடைய பள்ளிச் சான்றிதழைக் காட்டினேன். அதில் இருந்தபடி வலது தோளில் ஒரு மச்சம், முதுகில் ஒரு மச்சம் என்று எழுதிக்கொண்டார்கள்.

அதன் பிறகு 19ஆம் தேதி ஏட்டையா போனில் பேசினார். கிரிவலப் பாதைக்குப் பின்னால் ஒரு கிணற்றில் பிணம் கிடைத்ததாகவும், முகம் தெரியவில்லை என்றும் கூறினார். "மச்சம் ரெண்டும் இல்லீங்க. இடது தொடையில பழைய தீத்தழும்பு இருக்கு. வந்து பாக்கறீங்களா?" என்றார். அது என் பையன் இல்லை, வரத் தேவையில்லை என்றேன். அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மனைவி தங்கம்மாளிடம் "நம்ம புள்ள இல்ல" என்று மட்டும் சொன்னேன். தழும்பைப் பற்றிச் சொல்லவில்லை. பிணத்தைக் கேட்டு யாரும் வராததால் புதைத்துவிட்டதாகப் பிறகு அறிந்தேன்.

அதன் பிறகு நேற்று காலை, மகனைப் பற்றிக் கேட்டுப்போக வந்த மைத்துனரிடம் பேசும்போது தழும்பைப் பற்றிச் சொன்னேன். கடலை உரித்துக்கொண்டிருந்த தங்கம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். "கஞ்சி கொட்டின தழும்புங்க அது. மூணு வயசுல. நீங்க பெங்களூர்ல கட்டட வேலையில இருந்தீங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றாள். அழவில்லை. என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பள்ளியில் அந்த மச்சங்களை எழுதச் சொன்னவன் நானே. ஒன்றாம் வகுப்பில் சேர்த்த அன்று பையனுக்குக் காய்ச்சல், அவனை அழைத்துப் போகவில்லை. டீச்சர் இரண்டு அடையாளம் கேட்டார். பெற்ற பிள்ளையின் மச்சம் தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, என் உடம்பில் இருப்பதைச் சொல்லிவிட்டேன். பிறகு எல்லா விண்ணப்பத்திலும் அதையே எழுதினோம்; நாளடைவில் அவை அவனுடையவை என்றே நானும் நம்பிவிட்டேன்.

மூன்று மாதம் மண்ணில் கிடந்த உடலில் இனித் தழும்பு தெரியாது, மரபணுப் பரிசோதனைதான் வழி, தாயோ தகப்பனோ ஒருவர் இரத்தம் கொடுத்தால் போதும் என்று இன்ஸ்பெக்டர் ஐயா கூறினார். உடலைத் தோண்டி எடுத்துச் சோதிக்க வேண்டுகிறேன். இரத்தம் என் மனைவியிடமே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த முறை அவளைக் கேளுங்கள்.

எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, யாரும் வற்புறுத்தவில்லை.

(ஒப்பம்) ஆ. குமரேசன்