வாயுப் பிடிப்பு

என் கை ராசியான கை என்பார்கள். நான் ஊசி போட்டால் எறும்பு கடித்த மாதிரிகூடத் தெரியாது. அந்தப் புதிய மருந்துச் சோதனைக்கு என்னைத் தலைமை நர்ஸாகப் போட்டதும் அதனால்தான்.

இரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்னும் கொழுப்பு எக்கச்சக்கமாக ஏறிப்போனவர்களுக்கான மருந்து அது. என் தங்கைக்கும் அதே வியாதி. அவள் இரத்தத்தைக் குழாயில் நிறுத்தி வைத்தால் மேலே பால் மாதிரி மிதக்கும். கணையம் வீங்கி மூன்று முறை செத்துப் பிழைத்தவள். வலியில் அவள் சுருண்டு கிடப்பதைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது. இந்த மருந்தை விட்டால் அவளுக்கு வேறு கதியில்லை.

முதல் குழுவுக்குக் குறைந்த அளவு. யாருக்காவது பெரிதாக ஏதும் ஆனால் சோதனை அங்கேயே நிற்கும். ஆகாவிட்டால் அடுத்த குழுவுக்கு இரண்டு மடங்கு. அந்த அடுத்த ஆறு பேரில் தங்கையும் ஒருத்தி.

ஆறாம் நாள், முதல் குழுவிலிருந்த பஸ் டிரைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். உபாதையை அவரவர் சொன்ன வார்த்தையிலேயே படிவத்தில் எழுத வேண்டும் என்பது விதி. நான் விதியை மீறுகிறவள் இல்லை.

"வலி முதுகு வரைக்கும் போகுது சிஸ்டர். குனிஞ்சு உட்கார்ந்தாதான் கொஞ்சம் தேவலை."

"காலையில என்ன சாப்பிட்டீங்கண்ணே?"

"ஒண்ணும் சாப்பிடலை."

"வெறும் வயித்தோட நாள் பூரா வண்டியில உட்கார்ந்தா வலிக்காம என்ன செய்யும்?"

கொஞ்சம் யோசித்தார். "அப்ப வாயுப் பிடிப்புதானோ என்னவோ."

அதையே எழுதினேன். வெந்நீர் குடிக்கச் சொல்லி அனுப்பினேன். டாக்டர் படிவத்தைப் புரட்டிவிட்டு, மறுநாளே அடுத்த குழுவை வரச் சொன்னார்.

ஐந்து பேர் வந்தார்கள். ஐவருக்கும் நானே போட்டேன். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. தையல்காரர் நான்காம் நாள் போய்விட்டார், டீச்சரம்மா ஐந்தாம் நாள். இருவருக்கும் கணையம் அழுகியிருந்தது. டிரைவர் எப்படியோ பிழைத்துக்கொண்டார், அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

வாயுப் பிடிப்பு என்றே நானும் மனதார நம்பினேன், ஐயா. நம்பாமலா ஐந்து பேருக்கு என் கையால் ஊசி போடுவேன்?

ஆறாவது ஆள் ஏன் வரவில்லை என்று கேட்கிறீர்கள். டிரைவர் வந்துபோன அன்று சாயங்காலமே தங்கைக்குப் போன் செய்தேன். "இந்தத் தடவை நீ வராதடி. மத்தவங்களுக்கு என்ன ஆகுதுன்னு பார்த்துட்டு உனக்குப் போட்டுக்கலாம்" என்றேன்.