மம்சாபுரத்து அணிக்குக் கேட்ட விலை

ஸ்ரீவில்லிபுத்தூர் சடுகுடுப் போட்டிக்குப் போகும் மாட்டுவண்டியில் எனக்கு எதிரே இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள். அங்கே ஆட்டத்துக்கு முன் ஒவ்வோர் அணியையும் ஏலம் விடுவார்கள். ஜெயிக்கும் அணியை எடுத்தவருக்கே ஏலப் பணம் முழுவதும்.

“எல்லா அணிக்குமா நாப்பது ரூபா சேரும்,” என்றார் தலைப்பாகைக்காரர். “மம்சாபுரம் ஜெயிக்கப் பாதிக்குப் பாதி வழி இருக்கு. இருபது வரைக்கும் கேக்கலாம் மாமா. ஒம்ம மகன் ஆடுதான்லா!”

“அவன் ஆடுததாலதான் அஞ்சுக்கு மேல பெறாது,” என்றார் பெரியவர்.

பெரியவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“இருமுனா ரத்தம் வருது, மாப்ளே. வைத்தியர் கையை விரிச்சிட்டாரு. சூட்டுக்கு வருதுன்னு அவன்கிட்ட சொல்லி வச்சிருக்கோம்.”

“அப்ப ஏலத்துல வாயத் தொறக்காதேயும்.”

“வருசா வருசம் நாந்தான எடுக்கேன்? இப்பக் கேக்கலைன்னா அவனுக்குத் தெரிஞ்சு போகுமே.”

ஏலத்தில் மம்சாபுரத்தின் பெயர் வந்ததும் பெரியவர் எடுத்த எடுப்பில் முப்பது என்றார். எதிர்த்துக் கேட்க ஆளில்லை. திடலில் நின்ற மெலிந்த இளைஞன் அவரைப் பார்த்துச் சிரித்தான்.

முதல் ஆட்டத்திலேயே அந்த அணி தோற்றது. மூச்சிரைத்த மகனைத் தோளில் தாங்கி நடத்திக்கொண்டு என்னைக் கடந்து போகையில் பெரியவர் சொன்னார்: “அடுத்த வருசமும் நாந்தாம்ல எடுப்பேன்.”